டம்ளர் கணக்கு

வாசகி கேள்வி:

"வணக்கம் டாக்டர். எங்களுக்குப் போச்சம்பள்ளிப் பக்கம் கிராமம். பையனுக்கு 4 வயசு, எல்கேஜி போறான். பொண்ணுக்கு 19 மாசம். வீட்டுக்காரருக்கு ஓசூர்ல கம்பெனி வேலை, ஷிப்ட் மாறி மாறி வரும். பையன் ஒரு வேளை சோறு திங்க ஒன்றரை மணி நேரம் ஆகுது. போன் குடுக்காம வாயே திறக்க மாட்டான். திறந்தாலும் சோத்தைக் கன்னத்துல அடக்கி வச்சுக்கிட்டு வீடியோ பாப்பான். வெளிக்கி மூணு நாளைக்கு ஒரு தடவைதான், அதுக்கும் அழுகை. ஆனா பேஸ்ட்டை மட்டும் ருசிச்சு சாப்பிடறான். பொண்ணு சுவத்துச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்னுது. போன வாரம் நாங்க புளி தட்டிக்கிட்டு இருந்தப்ப ஒரு புளியங்கொட்டையை மூக்குல திணிச்சுக்கிச்சு. பக்கத்து வீட்டு அக்கா ஊக்கை வச்சு எடுக்கப் பாத்தாங்க. நல்லவேளை, தும்மினதுல தானா வந்துடுச்சு. மருந்து குடுத்தா பாதி என் சேலையிலதான் இருக்கும். நான் பாத்ரூம் போனா ரெண்டும் வெளியில நின்னு கதவைத் தட்டும். அன்னைக்குப் பையன் வெளித் தாழ்ப்பாளைப் போட்டுட்டு விளையாடப் போயிட்டான். இருபது நிமிஷம் உள்ளேயே இருந்தேன். உண்மையைச் சொன்னா, நிம்மதியாத்தான் இருந்துச்சு. 'சோறு திங்கலைன்னா போவுது, பால் குடிக்கட்டும் விடு'ன்னு மாமியார் சொல்றாங்க. எழுந்ததும் ஒரு டம்ளர், ஸ்கூல்ல இருந்து வந்ததும் ஒண்ணு, சாயந்திரம் ஆறு மணிக்கு ஒண்ணு, ராத்திரி படுக்கறப்ப பாட்டில்ல. ரெண்டு பேருமே பால் மட்டும் நல்லா குடிப்பாங்க. பையன் எடை 15 கிலோ 200 கிராம். நான் எங்க தப்பு பண்றேன்?"

குழந்தை நல மருத்துவர் பதில்:

அந்த இருபது நிமிட நிம்மதியைப் பற்றிக் கடைசியில் பேசுவோம். அதற்கு முன்னால், கடிதத்தின் முடிவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், 'பால் மட்டும் நல்லா குடிப்பாங்க' என்று. நீங்கள் கேட்டிருக்கும் கேள்விகளில் மூன்றுக்கு விடை அந்த வரியிலேயே இருக்கிறது.

உங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீரை நிரப்பி, மருந்துக்கடையில் தரும் அளவு மூடியாலோ பால் பாட்டிலில் உள்ள கோடுகளாலோ ஒருமுறை அளந்து பாருங்கள். பெரும்பாலும் 200 மில்லி பிடிக்கும். பையன் பகலில் மூன்று டம்ளர் குடிக்கிறான், அது 600. ராத்திரி பாட்டில் 250. மொத்தம் 850 மில்லி. 100 மில்லி பசும்பாலில் ஏறக்குறைய 65 கலோரி உண்டு, ஆக பாலில் மட்டும் 550 போய்விடுகிறது. ஒவ்வொரு முறையும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டால் நாலு முறைக்கு இன்னொரு 160. பாலோடு நாலு பிஸ்கட், பள்ளிவிட்டு வரும் வழியில் 5 ரூபாய் சிப்ஸ் பாக்கெட் என்று வைத்தால் ஒரு 150. கூட்டினால் 860 வருகிறது. நம் நாட்டுக் கணக்கின்படி 4 முதல் 6 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 1,360 கலோரி. மிச்சம் 500. அதற்கு இரண்டு இட்லி, கொஞ்சம் தயிர்சாதம், ஒரு வாழைப்பழம் போதும். அதைத்தான் அவன் ஒன்றரை மணி நேரம் மென்றுகொண்டிருக்கிறான். பையன் கணக்கில் கெட்டிக்காரன். அவன் வயிறு நிறைந்திருக்கிறது என்பதை நாம்தான் கவனிக்கவில்லை.

எடையைப் பற்றிய கவலையையும் இங்கேயே முடித்துவிடலாம். 4 வயது ஆண் குழந்தையின் நடுத்தர எடை 16.3 கிலோ. 12.7-க்குக் கீழே போனால்தான் எடைக் குறைவு என்போம். 15.2 கிலோவில் உங்கள் பையன் நன்றாகவே இருக்கிறான். பிறந்தபோது 3 கிலோ இருந்த குழந்தை முதல் பிறந்தநாளில் 9 கிலோ ஆகிறது, ஒரே வருடத்தில் மூன்று மடங்கு. அதற்குப் பிறகு 5 வயதுவரை வருடத்துக்கு 2, இரண்டரை கிலோதான் ஏறும். வளர்ச்சியின் வேகம் குறையும்போது பசியும் குறையும். முதல் வருடத்தில் சாப்பிட்ட வேகத்தையே நான்காம் வருடத்திலும் எதிர்பார்ப்பதால்தான் வீட்டுக்கு வீடு தட்டும் கையுமாகப் பிள்ளையைத் துரத்தும் காட்சி. இதை உங்கள் மாமியார் உட்பட ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். அங்கன்வாடியில் எடைப் பதிவு அட்டையை வாங்கி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை புள்ளி வைத்து அவர்களிடம் காட்டுங்கள். கோடு மேலே போய்க்கொண்டிருக்கும்வரை பயம் வேண்டாம்.

ஒரு வயது முடிந்த குழந்தைக்கு ஒரு நாளைக்கு 350 முதல் 500 மில்லி பால் போதும். 850-ஐ ஒரே நாளில் பாதியாக்கினால் வீட்டில் தேர்தல் கலவரம் மாதிரி ஆகிவிடும். பத்து நாளில் படிப்படியாக இறக்குங்கள். முதலில் எடுக்க வேண்டியது மாலை ஆறு மணி டம்ளர். இரவுச் சாப்பாட்டைக் கெடுப்பது அதுதான். ஆறு மணிக்குப் பால், ஏழரைக்குச் சோறு என்றால் எந்தக் குழந்தைக்கும் பசிக்காது. முதல் மூன்று நாள் அந்த நேரத்தில் பாலுக்குப் பதிலாகத் தண்ணீரும் அரைக் கொய்யாவும் கொடுங்கள். நான்காம் நாளிலிருந்து காலைப் பாலை, எழுந்த உடனே கொடுக்காமல், டிபன் முடிந்து அரை மணி கழித்துக் கொடுங்கள். டம்ளரில் 150 மில்லிக்கு நேராக நகப்பாலிஷால் ஒரு கோடு போட்டு, அதுவரைக்கும்தான். கடைசியாக ராத்திரி பாட்டில். அதில் தினமும் 50 மில்லி பாலைக் குறைத்து 50 மில்லி தண்ணீரைச் சேர்த்துக்கொண்டே போனால் ஐந்தாம் நாள் பாட்டிலில் வெறும் தண்ணீர்தான் இருக்கும். ஆறாம் நாள் பாட்டிலையே யாரும் கேட்க மாட்டார்கள். பாட்டிலை வாயில் வைத்துக்கொண்டு தூங்கினால் பால் இரவெல்லாம் முன்பற்களில் தேங்கி நின்று அவற்றைச் சொத்தையாக்கும். பாட்டிலை நிறுத்தச் சொல்வதற்குப் பசியைவிட அது பெரிய காரணம். உங்கள் பெண்ணுக்கும் இதேதான். ஒன்றரை வயதுக்கு மேல் பாட்டில் தேவையில்லை, டம்ளரிலேயே குடிப்பாள். சிந்துவாள், துடைத்துக்கொள்ளலாம்.

முதல் மூன்று நாள் அவன் பாலும் குடிக்க மாட்டான், சோறும் தின்ன மாட்டான். அழுவான், பாட்டியிடம் புகார் சொல்வான். இந்த இடத்தில்தான் எல்லா வீட்டிலும் தோற்றுப்போகிறார்கள். 'ஐயோ, காலையிலிருந்து ஒண்ணும் தின்னலையே' என்று மூன்றாம் நாள் சாயந்திரம் ஒரு டம்ளர் ஹார்லிக்ஸ் உள்ளே போய்விடும். அழுதால் பால் வரும் என்று அவன் தெரிந்துகொண்ட பிறகு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். நான்காவது ஐந்தாவது நாளில் பசி வந்துவிடும், அதுவரை பொறுங்கள். இடையில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் மட்டும் இந்தத் திட்டத்தை ஒத்திவையுங்கள்.

சாப்பாட்டுக்குத் தட்டு வைத்ததிலிருந்து 25 நிமிடம் கொடுங்கள். அதற்குள் தின்றது எவ்வளவோ அவ்வளவு போதும். திட்டாமல், கெஞ்சாமல் தட்டை எடுத்துவிட்டு அடுத்த சாப்பாட்டு நேரம்வரை தண்ணீர் மட்டும் கொடுங்கள். இரண்டு வேளைக்கு நடுவில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம் இருக்கட்டும். என்ன சமைப்பது, எத்தனை மணிக்கு, எங்கே உட்கார்ந்து என்பதெல்லாம் உங்கள் பொறுப்பு. எவ்வளவு என்பது அவன் பொறுப்பு. தட்டில் வைக்கும் அளவுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி. 4 வயதுக்கு நாலு கரண்டி சோறு, கூட்டும் அப்படியே. குவியலைப் பார்த்தால் பெரியவர்களுக்கே மலைப்பு வரும். கேட்டால் இன்னும் வையுங்கள். ஒரு காயைத் துப்பினால் அது பிடிக்காது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பத்துப் பன்னிரண்டு முறை தட்டில் பார்த்த பிறகு வாயில் போடும் பிள்ளைகள் நிறைய.

கன்னத்தில் அடக்கி வைப்பதற்குப் பாதிக் காரணம் போன். கண் திரையில் இருக்கும்போது வாயில் இருப்பதை மென்று விழுங்க வேண்டும் என்ற நினைப்பே வருவதில்லை. போனை ஒரே நாளில் நிறுத்தலாம், அதற்குப் படிப்படி தேவையில்லை. ஆனால் பெரியவர்களின் போன்களும் அந்த 25 நிமிடம் அலமாரியில் இருக்க வேண்டும், உங்கள் வீட்டுக்காரருடையதும் சேர்த்து. மீதிப் பாதிக் காரணம் மெல்லும் பழக்கம் இல்லாதது. சோற்றைக் குழையப் பிசைந்தே ஊட்டிக்கொண்டிருந்தால் கடைவாய்ப் பற்களுக்கு வேலையே தெரியாது. பிசைவதைக் குறைத்து, வெந்த கேரட் துண்டு, தோசை விளிம்பு, கேழ்வரகு அடை என்று அவன் கையிலேயே கொடுங்கள். முதல் வாய் உள்ளே போகும்வரை அடுத்த வாய் கொடுக்காதீர்கள். ஒரு பக்கக் கன்னத்தில் மட்டும் அடக்கினால் எதிர்ப்பக்கம் சொத்தைப் பல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

களி பழகிய ஊர்க்காரர் என்பதால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. மெல்லச் சோம்பல்படும் பிள்ளைக்குக் கேவுரு களி மாதிரி வேறொன்று கிடையாது. பெரியவர்களுக்கு உருட்டுவதுபோல் கெட்டியாக வேண்டாம். ஒரு பங்கு மாவுக்கு மூன்று பங்கு தண்ணீர் வைத்துத் தளர்வாகக் கிண்டி, நெல்லிக்காய் அளவு உருண்டை பிடித்து, கட்டைவிரலால் நடுவில் குழி அழுத்தி, அதில் கீரைக் குழம்போ அவரைக்கொட்டைக் குழம்போ விடுங்கள். குழம்புக்குக் குழி தோண்டும் வேலையை அவனிடமே கொடுத்தால் இரண்டு உருண்டை கூடுதலாகப் போகும். 'பால் நிறுத்தினா எலும்பு வீக்காயிடும்' என்று மாமியார் சொன்னால் கணக்கைச் சொல்லுங்கள். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 360 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு. அதே அளவு பாலில் 120தான். 30 கிராம் மாவில் செய்த களியும் 400 மில்லி பாலும் சேர்ந்தால் 590 வருகிறது. இந்த வயதுக்குத் தேவை 550.

அடுத்தது வெளிக்கி. அதற்கும் முதல் காரணம் பால்தான். வயிற்றைப் பால் அடைத்துக்கொண்டால் நார்ச்சத்துக்கு இடமில்லை, மலம் இறுகுகிறது. ஒருமுறை வலித்தால் அடுத்தமுறை அடக்குவான். அடக்கினால் இன்னும் இறுகும். கால்களைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில் நின்று, திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு முகம் சிவக்க நிற்பான். முக்குகிறான் என்று நாம் நினைக்கிறோம். அவன் அடக்கிக்கொண்டிருக்கிறான். பாலைக் குறைத்து, தினமும் கொய்யாவோ பப்பாளியோ கொடுத்து, சாப்பாடு முடிந்து பத்து நிமிடத்தில் உட்கார வையுங்கள். உணவு வயிற்றில் விழுந்ததும் பெருங்குடல் தானாகவே அசையும், அந்த நேரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். குழிக் கக்கூஸில் விழுந்துவிடுவோம் என்ற பயம் இருந்தால், நம் பாட்டிமார் செய்த மாதிரி நீங்கள் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் சேர்த்து அதன்மேல் அவனை உட்கார வையுங்கள், கீழே ஒரு பழைய பேப்பர் விரித்து. முழங்கால் இடுப்பைவிட உயரத்தில் இருப்பதால் சுலபமாக வரும். ஐந்து நிமிடம் போதும், வந்தாலும் வராவிட்டாலும் எழுந்துவிடலாம். சோப்புத் துண்டு, விளக்கெண்ணெய் தடவிய வெற்றிலைக் காம்பு இரண்டும் வேண்டாம். பயம்தான் கூடும். மலத்தில் ரத்தம் பட்டாலோ ஜட்டியில் அடிக்கடி கறை படிந்தாலோ ஏற்கெனவே குடல் நிறைந்து கட்டியாகிவிட்டது என்று பொருள். அதற்கு இளக்கி மருந்து சில மாதம்வரை தேவைப்படும், டாக்டரிடம் போங்கள்.

பால் கணக்கில் மூன்றாவதாக வருவது உங்கள் பெண் சுண்ணாம்பு தின்பது. இதைக் கெட்ட பழக்கம் என்று அடிக்காதீர்கள், வேப்பெண்ணெய் தடவாதீர்கள். மண், சுண்ணாம்பு, சாக்பீஸ், பச்சரிசி இவற்றைத் தேடித் தின்னும் குழந்தைக்கு இரும்புச்சத்துக் குறைவு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். 850 மில்லி பாலில் ஒன்றரை மில்லிகிராம் இரும்புகூடத் தேறாது. 1 முதல் 3 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 8 வேண்டும், உங்கள் பையனுக்கு 11. போதாததற்குப் பாலில் உள்ள சுண்ணாம்புச்சத்து மற்ற உணவில் வரும் இரும்பையும் உடலில் சேரவிடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை, மருந்தின் அளவை டாக்டர் சொல்வார். சரியாகவே இருந்தாலும், 6 மாதம் முதல் 5 வயதுவரை எல்லாக் குழந்தைகளுக்கும் வாரம் இரண்டு நாள் 1 மில்லி இரும்புச்சத்து சிரப் அரசுத் திட்டத்தில் உண்டு. கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். அதைப் பாலில் கலந்து கொடுத்தால் வீண். இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்ட தண்ணீரோடு கொடுங்கள். மலம் கறுப்பாக வரும், பயப்பட வேண்டாம். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கொடுக்கும் குடற்புழு மாத்திரையையும் விடாதீர்கள். 2 வயதுக்குள் அரை மாத்திரை, அதையும் நுணுக்கித் தண்ணீரில் கரைத்து.

பால் கதை முடிந்தது. புளியங்கொட்டைக்கு வருவோம்.

மாசி, பங்குனியில் உங்கள் பக்கம் முற்றத்துக்கு முற்றம் புளி காய்கிறது. கொட்டை வழவழப்பாக, பளபளப்பாக, ஒரு சின்ன விரல் சரியாகப் பிடிக்கிற அளவில் இருக்கும். 19 மாதக் குழந்தைக்கு அது பொம்மைதான். உங்கள் பெண்ணுக்குத் தும்மலில் வந்தது நல்லகாலம். ஊக்கு, ஹேர்பின், தீக்குச்சி எதையும் மூக்குக்குள் விடக் கூடாது. உருண்டையான பொருளைக் கருவியால் தொட்டால் வழுக்கி உள்ளேதான் போகும், பின்பக்கமாக மூச்சுக்குழாயிலும் விழலாம். தண்ணீரோ எண்ணெயோ ஊற்றவும் கூடாது. கொட்டையும் கடலையும் ஈரத்தில் ஊறி உப்பும், பிறகு எடுப்பது இரட்டை வேலை.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு முறை உண்டு. மருத்துவ நூல்களே அதற்கு 'அம்மா முத்தம்' என்றுதான் பெயர் வைத்திருக்கின்றன. குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, முத்தம் தரப்போவதாகச் சொல்லுங்கள். அடைபடாத மூக்குத் துவாரத்தை ஒரு விரலால் நன்றாக மூடுங்கள். குழந்தையின் திறந்த வாயை உங்கள் வாயால் காற்று கசியாமல் மூடுங்கள். முதலில் மெதுவாக ஊதினால் ஒரு இடத்தில் காற்று முட்டி நிற்பது தெரியும். அந்த நொடியில் ஒரே ஒரு சின்ன வேக ஊதல், 'ஃபூ' என்று. காற்று தொண்டைக்குப் பின்னாலிருந்து அடைபட்ட துவாரம் வழியாக வெளியே பாயும், கொட்டையையும் தள்ளிக்கொண்டு. பத்தில் ஆறு குழந்தைகளுக்கு இது பலிக்கிறது. பலித்தால் கொட்டையும் ஒரு வாரச் சளியும் உங்கள் கன்னத்தில் வந்து விழும், முந்தானையைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு, மூன்று முறை முயன்றும் வராவிட்டால் நிறுத்திவிட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவர் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வழியில் பேருந்தில் யாராவது ஊக்கை நீட்டினால் வாங்காதீர்கள்.

இதில் ஒரு விலக்கு உண்டு. போனது பொம்மையிலோ ரிமோட்டிலோ இருக்கும் பட்டன் பேட்டரி என்றால், வேறெதிலும் நேரத்தை வீணாக்காமல் உடனே ஆஸ்பத்திரி. ஈரம் பட்ட பேட்டரி இரண்டே மணி நேரத்தில் உள்ளே சதையை அரித்துப் புண்ணாக்கிவிடும். இன்னொன்று, யாரும் பார்க்காமல் எதையாவது திணித்துக்கொண்டிருந்தால் சில நாள் கழித்து ஒரே ஒரு துவாரத்திலிருந்து மட்டும் நாற்றமடிக்கும் சளி வரும். இரண்டு பக்கமும் ஒழுகினால் ஜலதோஷம், ஒரு பக்கம் மட்டும் நாறினால் உள்ளே ஏதோ இருக்கிறது. மூக்கைவிட ஆபத்து தொண்டை. முழு வேர்க்கடலை, முழு திராட்சை, பொட்டுக்கடலை எல்லாம் 4 வயதுக்குள் வேண்டாம். கடலையைப் பொடித்தும் திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்டியும் கொடுங்கள். புளி தட்டுவதை அவள் தூங்கும் நேரத்துக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் கொட்டை விழ விழ மூடி போட்ட டப்பாவில் போட்டுக்கொண்டே வாருங்கள். சாக்கில் குவித்து வைத்தால் அவளுக்கு அழைப்பிதழ் வைத்த மாதிரி.

மருந்து விஷயம். சேலையில் பாதி விழுவதற்குக் காரணம் ஸ்பூன். மருந்துக்கடையில் ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச் கேளுங்கள், பத்து ரூபாய்க்குள்தான் இருக்கும். குழந்தையைப் படுக்க வைத்து மூக்கைப் பிடித்து ஊற்றுவது நம் ஊர் வழக்கம், அதில் மருந்து நுரையீரலுக்குப் போகலாம். மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, அவளுடைய ஒரு கையை உங்கள் முதுகுக்குப் பின்னால் விட்டு, இன்னொரு கையை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். சிரிஞ்ச் நுனியை நாக்கின் நடுவில் வைத்தால் துப்புவாள். கடைவாய்க்கும் கன்னத்துக்கும் இடையில் வைத்து ஒரு மில்லியாகத் தள்ளுங்கள், விழுங்கியதும் அடுத்தது. முழு டம்ளர் பாலில் கலக்காதீர்கள், பாதி குடித்துவிட்டு ஓடினால் எவ்வளவு மருந்து போனது என்று யாருக்கும் தெரியாது. கொடுத்த கால் மணிக்குள் முழுதும் வாந்தி எடுத்தால் மறுபடி அதே அளவு கொடுக்கலாம். அரை மணி தாண்டியிருந்தால் வேண்டாம்.

காய்ச்சல் மருந்தில் நடக்கும் தவறு ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பாரசிட்டமால் சொட்டு மருந்து 1 மில்லியில் 100 மில்லிகிராம். சிரப் 5 மில்லியில் 125, இன்னொரு சிரப்பில் 250. கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில், 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 150 தேவை. அது சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி, 125 சிரப்பில் 6 மில்லி. அண்ணனுடைய சிரப் தீர்ந்துபோனதால் தங்கையின் சொட்டு மருந்தை அதே 6 மில்லி ஊற்றினால் நாலு மடங்கு போய்விடும், கல்லீரல் தாங்காது. பாட்டிலில் எவ்வளவு என்று படித்துவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும். ஆறு மணி நேர இடைவெளி, நாளைக்கு நாலு முறைக்கு மேல் இல்லை. இருமல் சிரப்பை நீங்களாகக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குப் படுக்கும் முன் அரை ஸ்பூன் தேன் போதும்.

பேஸ்ட் தின்பது சிரிப்பான விஷயமாகத்தான் தெரியும். வேறு மாவட்டமாக இருந்தால் நானும் ஒரு வரியில் முடித்திருப்பேன். தருமபுரி, கிருஷ்ணகிரி ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் வந்தது, 2013-இல் தண்ணீர் வரத் தொடங்கியது. பேஸ்டிலும் ஃபுளோரைடுதான். 1 கிராம் பேஸ்டில் 1 மில்லிகிராம் வரை இருக்கும். விளம்பரத்தில் காட்டுகிற மாதிரி பிரஷ் முழுக்க வளைத்துப் போட்டால் ஏறக்குறைய 1 கிராம். காலையும் இரவும் விழுங்கினால் 2 மில்லிகிராம், அதோடு தண்ணீரில் வருவதும் சேரும். ஈறுக்குள் இப்போது உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பற்கள் இதனால்தான் பின்னாளில் வெள்ளைத் திட்டோடும் பழுப்புக் கறையோடும் முளைக்கின்றன. முளைத்த பிறகு தேய்த்துப் போக்க முடியாது.

பேஸ்ட் டியூப் மேல் அலமாரிக்குப் போகட்டும், பிரஷ்ஷில் வைப்பது நீங்கள். பையனுக்குப் பட்டாணி அளவு, பெண்ணுக்கு அரிசி அளவு. ஸ்ட்ராபெர்ரி வாசனை பேஸ்ட் வாங்காதீர்கள், அதைத் தின்னாத பிள்ளைதான் அதிசயம். துப்பத் தெரியாதவரை, உங்கள் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்று தெரிந்தால், ஃபுளோரைடு இல்லாத பேஸ்ட் பரவாயில்லை. துப்பப் பழக்க ஒரு வழி, முற்றத்தில் நிறுத்தி வெறும் தண்ணீரைக் கொப்பளித்து யார் தூரம் துப்புகிறார்கள் என்று போட்டி வைப்பது. வீடு இரண்டு நாள் ஈரமாக இருக்கும், மூன்றாம் நாள் துப்பக் கற்றுக்கொண்டிருப்பான். ஒகேனக்கல் தண்ணீர் வந்தால் குடிக்கவும் சமைக்கவும் அதை வையுங்கள். போர் தண்ணீர் குளிக்க, துவைக்க. களி கிண்டும் தண்ணீரும் கணக்கில் சேரும். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும். கேண்டில் ஃபில்டரும் அதைப் பிடிக்காது. போர் தண்ணீரைத் தவிர வழியில்லை என்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒரு பாட்டில் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினால் அது குழந்தைகள் குடிக்கும் தண்ணீர் அல்ல.

மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அந்தக் கேள்வி இருக்கிறது. 'டாக்டர் பாலைக் குறைக்கச் சொன்னார்' என்று போய் நிற்காதீர்கள். கோடு போட்ட டம்ளரை அவர் கையிலேயே கொடுத்து, 'நான் மறந்துபோய்க் கூட ஊத்திடறேன் அத்தை, இனிமே நீங்கதான் அளந்து ஊத்தணும்' என்று பொறுப்பை ஒப்படைத்துவிடுங்கள். கோட்டுக்கு மேல் ஒரு சொட்டு போகாது. களி கிண்டுவதையும் அவரிடமே விடலாம், பதம் அவருக்குத்தான் தெரியும்.

இனி பாத்ரூம். 19 மாதக் குழந்தைக்குக் கண்ணுக்குத் தெரியாத அம்மா திரும்பி வருவாள் என்பது இன்னும் முழுதாக நிச்சயமில்லை, அதனால் தட்டுகிறாள். உள்ளேயிருந்து ஒரே பாட்டைத் தினமும் பாடுங்கள், பாட்டு முடிந்தால் அம்மா வருவாள் என்பது பத்து நாளில் பிடிபடும். பையன் தட்டுவது செய்தி சொல்ல, அதற்கு வைத்தியம் கிடையாது. ஆனால் அந்த வெளித் தாழ்ப்பாளை இன்றைக்கே கழற்றி ஐந்தடி உயரத்தில் போடச் சொல்லுங்கள். நீங்கள் உள்ளே மாட்டிக்கொண்ட இருபது நிமிடமும் அந்தப் பெண் குழந்தை தனியாக வெளியே அடுப்புக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் இருந்திருக்கிறாள். ஒரு பக்கெட்டில் நாலு விரல் ஆழம் தண்ணீர் இருந்தால்கூடத் தலைகுப்புற விழும் குழந்தையால் எழ முடியாது. பக்கெட்டுகளைக் கவிழ்த்து வையுங்கள், தொட்டிக்கு மூடி போடுங்கள்.

நிம்மதியை அதற்காக விட்டுவிட வேண்டாம். வீட்டுக்காரரின் ஷிப்ட் அட்டவணையைக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி, அவர் வீட்டில் இருக்கும் நேரத்தில் தினமும் இருபது நிமிடத்தை வட்டம் போட்டு வையுங்கள். அந்த நேரம் பிள்ளைகள் இருவரும் அவர் பொறுப்பு, தாழ்ப்பாளை உள்ளே போட்டுக்கொள்வது நீங்கள். போனை மட்டும் அவரிடமிருந்து வாங்கி உள்ளே எடுத்துக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் அது பையன் கையில் இருக்கும்.